பிவா ஏரியைச் சுற்றி நான்கு நாள்: எங்கே போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது

ஜப்பானுக்குப் போகிற நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஒசாகா; நடுவில் ஒரு புல்லட் ரயில். அந்த ரயில் கியோட்டோவை எட்டுவதற்குச் சற்று முன்பு ஷிகா மாகாணத்தைக் கடந்து போகிறது. ஜப்பானின் மிகப் பெரிய ஏரி அங்கே இருப்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்தவர்களும் கியோட்டோவிலிருந்து அரை நாள் வந்து, கரையில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான்: இந்த ஏரியைக் கியோட்டோவின் கொல்லைப்புறமாக நினைத்துப் போகாதீர்கள். கரையிலேயே தங்குங்கள். ஒரே திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். அந்தந்தப் பருவத்தில் ஏரி கொடுக்கும் மீனைச் சாப்பிடுங்கள். நான்கு நாள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். மூன்று நாள் என்றாலும் சமாளிக்கலாம். அதற்கான வழியைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

பிவா ஏரியின் பரப்பு சுமார் 670 சதுர கிலோமீட்டர். ஷிகா மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். மிக ஆழமான இடத்தில் நூறு மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. உலகிலுள்ள பழமையான ஏரிகளில் இதுவும் ஒன்று. வயது ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகள் என்கிறார்கள். சுற்றிலும் உள்ள மலைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆறுகள் இதில் வந்து விழுகின்றன. இயற்கையாக வெளியேறும் ஆறோ ஒன்றே ஒன்று, தெற்கு முனையில் இருக்கும் செட்டா. அது உஜி, யோடோ என்று பெயர் மாறி ஒசாகா விரிகுடாவில் கலக்கிறது. கியோட்டோ, ஒசாகா, கோபே பகுதிகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரைத்தான்.

இவ்வளவு காலம் தனியே கிடந்த ஏரி என்பதால், வேறெங்கும் இல்லாத மீன்களும் சிப்பிகளும் இங்கே உருவாகியிருக்கின்றன. ஏரிக்கரைச் சாப்பாடு மற்ற ஜப்பானியச் சாப்பாட்டிலிருந்து வேறுபடுவதற்குக் காரணம் இதுதான். ஷிகாவுக்குக் கடற்கரையே கிடையாது. இங்கே மீன் என்றால் ஏரி மீன்தான்.

எந்த மாதம் போவது

ஏப்ரல் என்றால் செர்ரிப் பூ. வடக்குக் கரையில் கைசு ஓசாக்கி என்ற இடத்தில் ஏரியை ஒட்டி சுமார் 4 கி.மீ. நீளத்துக்கு மரங்கள் நிற்கின்றன. வடக்கே குளிர் அதிகம் என்பதால் கியோட்டோவில் பூ உதிரத் தொடங்கும்போதுதான் இங்கே மலரும். கியோட்டோவில் பூக்காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை இலைகள் நிறம் மாறும் காலம். ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் நம் ஊரைத் தோற்கடிக்கும். ஆனால் நீந்துவதற்கு அதுதான் சரியான நேரம், மேற்குக் கரையில் ஓமி மைக்கோ என்ற இடம் கடற்கரை போலவே மணலோடு இருக்கும். குளிர்காலத்தில் வடக்குப் பகுதியில் நல்ல பனி பொழியும். சைபீரியாவிலிருந்து அன்னங்கள் வரும். படகுகளின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

என்னைக் கேட்டால் மே கடைசியோ ஜூன் தொடக்கமோ சொல்வேன். கூட்டம் குறைவு, மலைகள் பச்சை, மீனுக்கும் நல்ல பருவம்.

எந்தத் திசையில் சுற்றுவது

ஏரியைச் சுற்றி ரயில் ஓடுகிறது. கிழக்குக் கரையில் பிவாகோ பாதையும் ஹொக்குரிக்கு பாதையும். மேற்குக் கரையில் கோசெய் பாதை. வடக்கே ஓமி ஷியோட்சு என்ற சின்ன நிலையத்தில் இரண்டு பக்கமும் சேர்கின்றன. கியோட்டோவில் தொடங்கி முதலில் கிழக்குக் கரை, பிறகு வடக்கு, கடைசியில் மேற்கு வழியாகத் திரும்புங்கள். அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. ஏரியைச் சைக்கிளில் சுற்றுகிறவர்களும் இப்படித்தான் போகிறார்கள். ஜப்பானில் சாலையின் இடப்பக்கம்தான் போக வேண்டும் என்பதால், இந்தத் திசையில் போனால் தண்ணீர் எப்போதும் நம் பக்கம் இருக்கும்.

ஷின்கைசோகு என்ற அதிவிரைவு ரயிலில் ஏறுங்கள். கூடுதல் கட்டணம் கிடையாது. கியோட்டோவிலிருந்து ஓமி ஹாச்சிமானுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ஹிகோனேவுக்கு ஐம்பது நிமிடம், நாகஹாமாவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில வண்டிகள் மைபாராவில் பிரியும். முன்பெட்டிகள் மட்டும் வடக்கே போகும், பின்பெட்டிகள் அங்கேயே நின்றுவிடும். ஏறும்போதே பலகையைப் பார்த்துவிடுங்கள்.

இக்கோக்கா என்ற பயண அட்டை இருந்தால் டிக்கெட் தொல்லை இல்லை. ஆனால் ரொக்கமும் கையில் வேண்டும். சிறு படகு, கிராமத்துக் கடை, கோயில் நுழைவு எல்லாம் இன்னும் ரொக்கத்தில்தான் நடக்கின்றன. பேருந்துகள் குறைவு. ஓர் இடத்தில் இறங்கியதும் முதலில் திரும்பும் பேருந்தின் நேரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்பாட்டு நேரம்: சின்ன உணவகங்கள் மதியம் பதினொன்றுக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடிவிடும். மூன்று மணிக்குப் பசித்தால் கடைவீதி முழுக்க மூடியிருக்கும்.

முதல் நாள்: ஓமி ஹாச்சிமான்

காலையில் கியோட்டோவில் கிளம்பி நேராக ஓமி ஹாச்சிமானில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து பழைய ஊருக்குப் பேருந்தில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம்.

ஊரின் உயிர் ஹாச்சிமான் கால்வாய். 1585-ல் டொயோடோமி ஹிடெட்சுகு மலைமேல் கோட்டை கட்டியபோது வெட்டப்பட்டது. ஏரியில் போன சரக்குப் படகுகளெல்லாம் ஊருக்குள் வந்துபோக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வியாபாரத்தில் எழுந்தவர்கள்தான் ஓமி வணிகர்கள்; ஓமி என்பது ஷிகாவின் பழைய பெயர். விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது என்று அவர்கள் பின்பற்றிய வழியை ஜப்பானிய நிறுவனங்கள் இன்றும் எடுத்துச் சொல்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்று, கால்வாய் சேறும் குப்பையுமாகி நாறத் தொடங்கியது. மூடிவிட்டு வாகன நிறுத்தம் ஆக்கலாம் என்று திட்டம் வந்தது. 1970-களில் ஊர் இளைஞர்கள் எதிர்த்து நின்று, ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே இறங்கிச் சேறு வார ஆரம்பித்தார்கள். இன்று வெள்ளைச் சுவர்க் கிடங்குகளும் கல்படிகளும் வில்லோ மரங்களும் நீரில் நிழலாடும் இந்த இடத்தில் சரித்திரப் படங்களின் படப்பிடிப்பு நடக்கிறது. படகுச் சவாரியும் உண்டு. ஆனால் கரையோரமாக நடந்து போவதே எனக்குப் பிடித்தது.

ஊருக்குள் அமெரிக்க பாணி வீடுகள் சிலவற்றைப் பார்த்து வியப்பாக இருக்கும். வில்லியம் மெரல் வோரிஸ் என்பவர் 1905-ல் ஆங்கில ஆசிரியராக இங்கே வந்து, பிறகு கட்டடக் கலைஞராகி, கடைசிவரை இதே ஊரில் வாழ்ந்தார். அவருடைய கைவண்ணம்தான் அவை.

இங்கே தவறாமல் சாப்பிட வேண்டியது சிவப்பு கொன்யாக்கு. கொன்யாக்கு என்பது ஒரு கிழங்கு மாவில் செய்யும் வழவழப்பான கட்டி; மற்ற ஊர்களில் சாம்பல் நிறம். இங்கே மட்டும் இரும்பு ஆக்ஸைடு சேர்த்துச் செங்கல் சிவப்பில் செய்கிறார்கள். ஆடம்பரப் பிரியரான, 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாதான் சிவப்பாக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய அசுச்சி கோட்டையின் இடிபாடுகள் அடுத்த நிலையத்தில்தான் இருக்கின்றன. 1579-ல் முடித்த கோட்டை 1582-ல் எரிந்துபோனது. இப்போது நீண்ட கல்படிகளும் அடித்தளமும் மட்டும். வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஏறுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இனிப்புக்கு லா கொலினா. புல் முளைத்த கூரையோடு ஒரு குன்று எழுந்து நிற்பது போன்ற கட்டடத்தை வடிவமைத்தவர் டெருநோபு ஃபுஜிமோரி. உள்ளே சுடச்சுட வெட்டித் தரும் பௌம்குகென் கேக்குக்கு வரிசை நிற்கும். வார இறுதியில் வேண்டாம்.

நேரம் இருந்தால், அல்லது லா கொலினாவை விட்டுவிட்டால், ஓக்கிஷிமா தீவுக்குப் போங்கள். ஜப்பானில் ஏரிக்குள் மக்கள் வாழும் ஒரே தீவு இது. ஓமி ஹாச்சிமான் நிலையத்திலிருந்து பேருந்தில் ஹொரிகிரி துறை, அங்கிருந்து பத்து நிமிடப் படகு. கார் கிடையாது. வயதான பெண்கள் மூன்று சக்கர சைக்கிளில் மீனும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரும்பாலானவர்கள் மீனவக் குடும்பங்கள். வீட்டுக்கு வீடு இருக்கும் சந்து ஒரு ஆள் அகலம்தான். அது அவர்களுடைய முற்றம் என்று நினைத்து நடந்தால் நல்லது.

இரவு ஹிகோனேயிலோ நாகஹாமாவிலோ தங்குங்கள். இரண்டு இரவுக்கும் ஒரே அறை எடுத்தால் பெட்டியைத் தூக்கித் திரிய வேண்டாம். என் ஓட்டு நாகஹாமாவுக்கு. மூன்றாம் நாள் காலைப் படகு அங்கிருந்துதான்.

இரண்டாம் நாள்: ஹிகோனேயும் நாகஹாமாவும்

ஹிகோனே கோட்டை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஜப்பானில் தேசியப் பொக்கிஷம் என்று அறிவிக்கப்பட்ட கோட்டைக் கோபுரங்கள் ஐந்தே ஐந்து. அதில் இது ஒன்று. சிமென்ட்டில் திரும்பக் கட்டியது அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய அதே மரம். ஓட்சு கோட்டையின் கோபுரத்தைப் பிரித்து வந்து இங்கே கட்டினார்கள். உள்ளே ஏணி என்றே சொல்ல வேண்டிய படிகள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பற்றி ஏற வேண்டும். பாவாடையோ சேலையோ கட்டி வந்தால் சிரமம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து கெங்க்யூ தோட்டத்தைப் பார்க்கலாம். குளத்துக்கு மேலே கோபுரம் தெரியும் காட்சி அங்கிருந்துதான் அழகு.

மேல்தளத்தில் ஜன்னல் வழியாக ஏரி தெரியும். சுவரில் அம்பும் துப்பாக்கியும் எய்யும் துளைகள் வெளிப்பக்கம் பூச்சால் மூடப்பட்டிருக்கும். போர் வந்தால் உள்ளிருந்து உடைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. உடைக்கவேண்டிய நாள் வரவே இல்லை. இந்தக் கோட்டையை ஆண்டது ஈ (Ii) என்ற பெயருடைய குடும்பம். அதில் வந்த ஈ நாவோசுக்கேதான் 1858-ல் அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் செய்தவர். 1860-ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கோட்டை வாசலருகே அவரைக் கொன்றார்கள். குழந்தைகளோடு போனால் அவர்களுக்கு வரலாறு தேவைப்படாது. ஹிகோன்யான் என்ற வெள்ளைப் பூனை வேஷம் கட்டியவர் வரும் நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் முக்கியம். எடோ காலத்தில் இறைச்சி பொதுவில் விலக்கப்பட்டிருந்தபோதும், ஹிகோனே ஆட்சியாளர்கள் மிசோ என்ற புளித்த சோயா விழுதில் ஊறவைத்த மாட்டிறைச்சியை மருந்து என்ற பெயரில், நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனுக்கு அனுப்பிவந்தார்கள். அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஓமி மாட்டிறைச்சி. இரவுச் சாப்பாடு மிக விலை. அதே கடையில் மதியத் தட்டு பாதி விலைக்கே கிடைக்கலாம். கோட்டை வீதியில் ஒன்றிரண்டு சுஷியாக விற்பதை வாங்கி ருசி பார்ப்பது இன்னும் சிக்கனம். அதைவிட எளிமையாக ஓமி சான்பொன்: காய்கறி நிறைய போட்ட நூடுல்ஸ், பன்றி இறைச்சியும் இருக்கும். பாதி தின்ற பிறகு கொஞ்சம் வினிகர் ஊற்றிக்கொள்வது உள்ளூர்ப் பழக்கம்.

பிற்பகலில் நாகஹாமா. 1900-ல் வங்கியாகக் கட்டிய கறுப்புச் சுவர்க் கட்டடத்தை மையமாக வைத்து, கண்ணாடிக் கலைக் கடைகளாகப் பழைய கடைவீதியை மீட்டெடுத்திருக்கிறார்கள். கண்ணாடி ஊதுவதைப் பார்க்கலாம். ஏப்ரல் நடுவில் போனால் ஹிக்கியாமா திருவிழா. அலங்காரத் தேரின் மேலேயே ஊர்ச் சிறுவர்கள் கபுகி நாடகம் நடிப்பார்கள்.

இங்கே சாப்பிட வேண்டியது யாகிசாபா சோமென். சுட்ட அயிலை வகை மீனை இனிப்பும் உப்புமான சோயா சாற்றில் எலும்பு மெத்தென்று ஆகும்வரை கொதிக்கவைத்து, அந்தச் சாற்றிலேயே மெல்லிய கோதுமை சேமியாவைப் புரட்டி எடுக்கிறார்கள். ஏரிக்கரையில் கடல் மீன் ஏது என்று கேட்கலாம். வடக்கே வாகாசா கடற்கரையிலிருந்து மலை கடந்து அந்த மீன் வரும். நடவுக் காலமான மே மாதத்தில், கட்டிக்கொடுத்த மகள் வயல்வேலையில் களைத்திருப்பாளே என்று தாய்வீட்டார் சுட்ட மீனை அவள் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். சமைக்க நேரமில்லாத வீட்டில் அதைச் சேமியாவோடு சேர்த்து எல்லோரும் சாப்பிட்டார்கள். சீர் அனுப்பும் வழக்கம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபுனாசுஷியை எப்படி அணுகுவது

இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளூர் உணவகத்தில் உட்காரும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷிகாவின் உணவில் இதற்கு நிகரானது இல்லை.

சுஷி என்றதும் நினைவுக்கு வரும் பச்சை மீன் பிற்காலத்தது. சோற்றில் மீனைப் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைப்பதுதான் பழைய முறை. நெல்லும் மீனும் சேர்ந்து கிடைக்கும் இந்தக் கரையில் அது விடாமல் தொடர்கிறது. வசந்தத்தில் சினை பிடித்த நிகோரோபுனா என்ற கெண்டை இன மீனைப் பிடிக்கிறார்கள். இந்த ஏரியில் மட்டும் உள்ள மீன். செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறாமல் செவுள் வழியாகக் கம்பி விட்டுக் குடலை மட்டும் எடுப்பார்கள். சினை அப்படியே உள்ளே இருக்க வேண்டும். உப்பில் சில மாதங்கள். ஜூலைக் கடைசியில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது உப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மரப்பீப்பாயில் ஒரு வரிசை சோறு, ஒரு வரிசை மீன் என்று அடுக்கி, மேலே பலகையும் கல்லும் ஏற்றி மூடுவார்கள். புத்தாண்டுக்குத் திறக்கலாம். சில வீடுகளில் இரண்டு ஆண்டுகள்கூட வைப்பார்கள். ஓமி பகுதியின் இந்தப் புளிக்கவைக்கும் முறைகளை 2023-ல் ஜப்பான் அரசு நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.

தட்டில் வரும்போது மெல்லிய துண்டுகள். நடுவில் ஆரஞ்சு நிறச் சினை, சுற்றிலும் ஒட்டிய வெள்ளைச் சோறு. மணம் முதலில் மூக்கில் ஏறும். நீராகாரத்தை நாலு நாள் வைத்ததுபோல் ஒரு புளிப்பு, அதற்குப் பின்னால் பாலாடைக்கட்டியின் ஆழம். முதல் துண்டைக் கொஞ்சமாகக் கடித்து வாயிலேயே வைத்திருங்கள். சினையின் கொழுப்பு கரையும்போதுதான் இது ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறது என்று புரியும். பிடிக்கவில்லை என்றால் ஒட்டிய சோற்றை வழித்துவிட்டு மீனை மட்டும் முயலுங்கள். தலையையும் வாலையும் வீணாக்க மாட்டார்கள். கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினால் சளிக்கும் வயிற்றுக்கும் நல்ல சாறு என்பார்கள்.

முழு மீன் பல ஆயிரம் யென். இரண்டு மூன்று துண்டு உள்ள சிறு தட்டே முதல் தடவைக்குப் போதும். விலை ஏன் இவ்வளவு என்றால், மீனே குறைந்துபோனதுதான் காரணம். அது முட்டையிடும் நாணல் காடுகள் கரை அழிப்பில் சுருங்கின. வெளிநாட்டு மீன்களான கறுப்பு பாஸும் புளூகில்லும் குஞ்சுகளைத் தின்றன. புளூகில் ஜப்பானுக்கு வந்தது 1960-ல், சிகாகோ மேயர் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குக் கொடுத்த பரிசாக. பேரரசரான பிறகு, 2007-ல் ஓட்சுவில் நடந்த விழாவில், அதனால் இப்படி ஆனதற்கு மனம் வருந்துவதாக அவரே சொன்னார். ஷிகாவில் இந்த மீன்களைத் தூண்டிலில் பிடித்தால் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்று 2003 முதல் விதி உள்ளது. கரையோரத்தில் அவற்றைப் போடவே தொட்டிகள் இருக்கும். தூண்டில் போடும் ஆசை உள்ளவர்கள் நினைவில் வையுங்கள்.

ஃபுனாசுஷி வேண்டாம் என்பவர்களுக்கும் ஏரி நிறைய வைத்திருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிவாமாசு என்ற நன்னீர் சால்மன் இனம். சாஷிமியாக, அதாவது பச்சைத் துண்டுகளாகக் கேளுங்கள், கடல் சால்மனைவிட மென்மை. வசந்தத்திலிருந்து கோடை தொடக்கம்வரை விரல் நீளமுள்ள கோஆயு. மாவில் தோய்த்துப் பொரித்தால் தலையோடு தின்னலாம். குளிர்காலக் கடைசியில் ஹொன்மொரோக்கோ, கரி அடுப்பில் சுட்டது. முதலில் இரண்டு பக்கமும் வாட்டி, பிறகு கம்பி வலையின் கண்ணில் தலைகீழாக நிறுத்துவார்கள். உடம்பின் கொழுப்பு தலைக்கு இறங்கித் தலையும் மொறுமொறுப்பாகும். ஆண்டு முழுவதும் கிடைப்பது எபிமாமே: ஏரி இறாலும் சோயா பயறும் சேர்த்து இனிப்பாக வேகவைத்தது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அருமை. கடுங்குளிரில் காட்டு வாத்துக் குழம்புச் சட்டி உண்டு, விலை கூடுதல்.

மூன்றாம் நாள்: ஏரியைக் குறுக்கே கடப்பது

நாகஹாமாவிலிருந்து மேற்குக் கரைக்கு ரயிலில் வடக்கைச் சுற்றிப் போகலாம். அதைவிட நல்ல வழி, படகில் சிக்குபுஷிமா தீவுக்குப் போய், அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த படகில் எதிர்க்கரையான இமாசுவில் இறங்குவது. தீவுக்கு அரை மணி நேரம், அங்கிருந்து இமாசுவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. இது பருவத்துக்குத் தகுந்தபடி மாறும் என்பதால் முந்தின நாளே நேரத்தை உறுதி செய்யுங்கள். பெரிய பெட்டி இருந்தால் விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். தீவில் 165 கல்படிகள் ஏற வேண்டும்.

சுற்றளவு 2 கி.மீ. கூட வராத பாறைத் தீவு. இரவில் யாரும் தங்குவதில்லை. பூசாரியும் கடைக்காரர்களும்கூடப் படகில் வந்து போகிறவர்கள்தான். இங்கே குடியிருப்பவள் பென்சைடென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போய், பல இடங்களில் கையில் வீணைக்குப் பதிலாகப் பிவா என்ற யாழோடு நிற்கிறாள். ஹோகோன்ஜி கோயில் 724-ல் தொடங்கியதாகத் தலபுராணம். எனோஷிமா, இட்சுக்குஷிமாவோடு சேர்த்து ஜப்பானின் மூன்று பெரிய பென்சைடென் தலங்களில் இதுவும் ஒன்று. மூலவரை 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திறந்து காட்டுகிறார்கள். இங்கே முன்னால் உள்ள உருவத்துக்கு எட்டுக் கைகள், பலவற்றில் ஆயுதங்கள். வெண்தாமரையில் அமர்ந்து வீணை மீட்டுபவளையே பார்த்துப் பழகிய நமக்கு, கொஞ்ச நேரம் நின்று பார்க்கத் தோன்றும்.

சன்னிதியில் வரிசை வரிசையாகச் சிறிய பொம்மைகள் இருக்கும். வேண்டுதலை எழுதிச் சுருட்டி, பொம்மையின் அடியில் செருகி அங்கேயே வைத்துவிட்டு வரலாம். கீழே இறங்கினால் வாயிலும் நீண்ட மரத் தாழ்வாரமும். 16-ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிடெயோஷியின் கப்பல் மரத்தில் கட்டியது என்று சொல்கிறார்கள். அதைத் தாண்டி ஏரியைப் பார்த்த மண்டபத்தில் இரண்டு மண்தட்டு வாங்குங்கள். ஒன்றில் பெயர், ஒன்றில் வேண்டுதல். கீழே பாறை முனையில் நிற்கும் தோரி வாயிலுக்குள் விழும்படி வீச வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வீசுங்கள். படகு நிற்கும் இடைவெளி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இவ்வளவுக்கும் போதும்.

இமாசுவில் இறங்கி, கோசெய் பாதையில் ஒரே நிலையம் தெற்கே போனால் ஷின் அசாஹி. அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் ஹாரியே கிராமம். என் பார்வையில் ஏரிக்கரையின் சிறந்த இடம் இதுதான். மலையில் விழும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி இந்தக் கிராமத்தின் அடியில் ஊற்றாகப் பொங்குகின்றன. வீட்டை ஒட்டிய சிறு கொட்டகையில் அந்த ஊற்றைத் தொட்டிகளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கபாத்தா என்று பெயர். குழாயிலிருந்து வரும் தண்ணீர் முதல் தொட்டியில் விழும். குடிக்கவும் சமைக்கவும் அதுதான், தர்பூசணியும் தக்காளியும் அதில்தான் குளிரும். வழிந்தது அடுத்த பெரிய தொட்டிக்குப் போகும். அங்கே கெண்டை மீன்கள் நீந்தும். சாப்பிட்ட பாத்திரத்தை அதில் அமிழ்த்தி வைத்தால் ஒட்டிய சோற்றுப் பருக்கையை அவை தின்று தீர்க்கும். தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, அடுத்த வீட்டைக் கடந்து, கடைசியில் ஏரிக்குப் போகிறது. கீழ்வீட்டுக்காரர் இதே தண்ணீரைப் பார்ப்பார் என்பதால் யாரும் கண்டதைக் கொட்டுவதில்லை.

இவை எல்லாம் வீடுகளின் சமையல் இடம். சும்மா எட்டிப் பார்க்கக் கூடாது. கிராமத்தாரே கட்டணம் வாங்கி அழைத்துப் போகிறார்கள், முன்பதிவு வேண்டும். அந்தப் பணம் வாய்க்காலைப் பேணப் போகிறது.

இங்கிருந்து இரண்டு தேர்வு. வடக்கே மக்கினோவில் சுமார் 2.4 கி.மீ. நேர்கோட்டில் இருபுறமும் ஐந்நூறு மெட்டாசெக்கோயா மரங்கள் நிற்கும் சாலை. நவம்பர் கடைசியில் செங்கல் நிறமாகும். தெற்கே ஷிராஹிகே கோயில், ஏரிக்குள் நிற்கும் செந்நிறத் தோரியோடு. கோயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை இருக்கிறது. படத்துக்காகக் குறுக்கே ஓடி விபத்து நடந்திருக்கிறது. கோயில் வளாகத்திலேயே பார்வை மேடை இருக்கிறது, அங்கிருந்தே பாருங்கள். ஓமி தகாஷிமா நிலையத்திலிருந்து வாடகை சைக்கிளோ டாக்சியோ நல்லது.

இரவு ஓகொட்டோ வெந்நீரூற்று ஊரில் தங்கினால் கால்வலி தீரும்.

நான்காம் நாள்: ஹியே மலை

சாகாமோட்டோவில் இறங்கி, கல்லுக்குக் கல் சாந்தில்லாமல் அடுக்கிய அனோ மதில்களின் வழியே நடந்து, ஜப்பானின் மிக நீளமான கேபிள் ரயிலில், 2,025 மீட்டர், மேலே ஏறுங்கள். 788-ல் சாயிச்சோ தொடங்கிய என்ரியாகுஜி மலை முழுவதும் பரந்திருக்கிறது. ஜப்பானியப் பௌத்தத்தின் பல பிரிவுகளைத் தொடங்கியவர்கள் இங்கே படித்தவர்கள். 1571-ல் நொபுனாகா மொத்தத்தையும் எரித்தார். இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பின் கட்டியவை. முதன்மைக் கோயிலான கொன்போன் சூடோவில் 1,200 ஆண்டுகளாக அணையவில்லை என்று சொல்லப்படும் விளக்குகள் எரிகின்றன. 2016-ல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்புப் பணியால் வெளித்தோற்றம் மூடப்பட்டிருக்கலாம். உள்ளே போய் வணங்கத் தடையில்லை. கிழக்குப் பகுதியை மட்டும் பார்த்துத் திரும்பாமல், மரங்களுக்கு நடுவே மேற்குப் பகுதிவரை நடந்து போங்கள். கூட்டம் அங்கே வருவதில்லை.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கஷ்டம்தான், ஆனால் முடியும். காய்கறியும் டோஃபுவும் மட்டும் தெரியும் கிண்ணத்தில்கூட மீன் சாறான தஷி இருக்கும். சிவப்பு கொன்யாக்குவையும் பெரும்பாலும் அதில்தான் வேகவைப்பார்கள். நம்பிச் சாப்பிட ஏற்ற இடம் ஹியே மலை. என்ரியாகுஜியின் விருந்தினர் இல்லத்தில் துறவிகளின் மரக்கறி உணவு கிடைக்கும், முன்பதிவு அவசியம். எள் டோஃபு, யூபா என்ற பாலாடை போன்ற சோயா ஏடு, மலைக்கீரைகள் என்று நிறைவாக இருக்கும். மற்ற இடங்களில் இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லுங்கள்: "நிகு தோ சகானா வா தாபேராரேமாசென். தஷி மோ தாமே தேசு." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தஷியும் ஆகாது என்று பொருள். விடுதிக்கு முன்பதிவு செய்யும்போதே இதைத் தெரிவித்தால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். போய் இறங்கிய மாலையில் சொன்னால் சோறும் ஊறுகாயும்தான்.

காற்று அடித்தால்

மேற்குக் கரையில் ஹிரா மலைத்தொடரிலிருந்து இறங்கும் காற்று பலமானது. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் கோசெய் பாதையில் ரயில்கள் நின்றுபோவது வழக்கம். படகும் நிற்கும். மூன்றாம் நாள் காலை நாகஹாமாவில் துறை மூடியிருந்தால் பதற வேண்டாம். வடக்கே தகாட்சுகி நிலையத்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து தோகான்ஜிக்குப் போங்கள். கருணையின் போதிசத்துவரான கன்னோனின் பதினோரு முகச் சிலை அங்கே இருக்கிறது. போரில் கோயில் எரிந்தபோது ஊர்க்காரர்கள் மண்ணில் புதைத்துக் காத்த சிலை என்று சொல்கிறார்கள். முதுகுப் பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். தலைக்குப் பின்னால் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கும். அடுத்த நிலையமான கினோமோட்டோவில் ட்சுருயா பான் பேக்கரியின் சாலட் பான் வாங்குங்கள். நீள ரொட்டிக்குள் நறுக்கிய முள்ளங்கி ஊறுகாயும் மயோனைஸும். சொல்லிக் கேட்டால் ஒட்டாது, கடித்தால் ஒட்டும். பிற்பகலில் காற்று அடங்கினால் படகு. அடங்காவிட்டால் வந்த கிழக்குப் பாதையிலேயே கியோட்டோ திரும்பி, அங்கிருந்து மறுநாள் ஹியே மலைக்கு ஏறிக்கொள்ளலாம்.